கூலியோடு கொடுத்த குவார்ட்டர்



தென்னந்தோப்பில் வாழையும் மிளகும் ஊடுபயிராக வைத்த அனுபவத்தை எழுதித் தருவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அது இன்னொரு மாதம் வரும். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் கூட்டங்களில் மண்புழு, பஞ்சகவ்யம், மரபு நெல், விலை என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் ஒருத்தர் மெல்ல ஆரம்பிப்பார்: "அதெல்லாம் சரிங்க, ஆள் எங்க இருக்கு? பன்னெண்டு மணி அடிச்சா எல்லாம் கடைக்குப் போயிடுறானுங்க." எல்லாரும் தலையாட்டுவோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். நானும் அப்படித் தலையாட்டியவன்தான்.

34 வருஷம் வங்கியில் வேலை பார்த்து 2017-இல் ஓய்வு பெற்றேன். பேராவூரணிப் பக்கம் அப்பா விட்டுப்போன மூணரை ஏக்கர் இருக்கிறது. ரெண்டு ஏக்கர் தென்னை, மிச்சம் நெல். நான் மண்வெட்டி பிடித்த முதல் வருஷம், வாய்க்கால் வெட்ட நாலு பேர் வந்தார்கள். சாயங்காலம் கூலியை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். பக்கத்துத் தோப்புக்காரர் என்னைத் தனியாக அழைத்து, "அண்ணே, அது ஒண்ணு இருக்குல்ல, அதையும் குடுத்துடுங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. "ஆளுக்கு ஒரு குவார்ட்டர். இல்லாட்டி நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

கொடுத்தேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

வங்கியில் இருந்தவனுக்குக் கணக்கு எழுதும் பழக்கம் விடாது. என் நோட்டில் 'ஆள் கூலி' என்று ஒரு பத்தி, 'இதர' என்று ஒரு பத்தி. குவார்ட்டர் அந்த 'இதர'வில் போய்விடும். பின்னால் ஒரு நாள் கூட்டிப் பார்த்தபோது, எருவுக்குச் செலவழித்ததைவிட 'இதர' அதிகமாக இருந்தது. மண்ணுக்கு விஷம் போடமாட்டேன் என்று மேடையில் பேசிவிட்டு வந்த அதே வாரங்களில் எழுதிய கணக்கு அது.

என் தோப்பில் தேங்காய் பறிக்க வருகிறவர் ஒருத்தர். பெயர் வேண்டாம். அப்போது 45 வயது இருக்கும். காலுக்குத் தளை போட்டு ஏறினால் ஒரு நாளைக்கு 50 மரம் பார்ப்பார். பறிப்பு இல்லாத நாளில் அண்டை வெட்டுவார், வரப்பு பூசுவார், எந்த வேலைக்கும் முகம் சுளிக்கமாட்டார். 2022 ஐப்பசியில் நடவு முடிந்த ஒரு சாயங்காலம் அவர் மனைவி வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒரு ஒத்தாசை. அவரு கூலிய எங்கிட்ட குடுத்துடுங்க."

"அதுக்கென்னம்மா, குடுத்துடலாம்."

"பாட்டிலயும் எங்கிட்டயே குடுத்துடுங்க சார். நானே வீட்டுல வச்சு ஊத்திக் குடுத்துக்கிறேன். வெளிய குடிச்சா வண்டியோட எங்கயாச்சும் விழுந்துடுறாரு."

அந்தக் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. ரேஷன் அரிசியைத் தன் பெயரில் போடச் சொல்வது மாதிரி கேட்டார். நான் ஒரு குடிகாரனுக்கு வேலை கொடுத்துக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கணக்கில் நான் பாட்டில் வருகிற வழிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

இங்கே என் பழைய உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடன் விண்ணப்பம் வந்தால் கள ஆய்வுக்குப் போவோம். ஊரில் ரெண்டு பேரிடம் விசாரிப்போம். 'தண்ணி போடுவாரு சார்' என்று சொன்னால் போதும், 'பழக்கவழக்கம் திருப்தியில்லை' என்று ஒரு வரி எழுதிவிடுவேன். விண்ணப்பம் அங்கேயே செத்துவிடும். அதே வருஷங்களில் பிரிவு உபசார விருந்து, ஆடிட் முடிந்த விருந்து, இலக்கை எட்டிய விருந்து என்று லாட்ஜ் மாடியில் நாங்களும் குடித்தோம். மறுநாள் தலைவலியோடு வந்து உட்கார்ந்து அடுத்தவன் பழக்கவழக்கத்தை எழுதினோம். எங்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது, மருத்துவ விடுப்பு இருந்தது, டாக்டரிடம் கொண்டுபோக ஆள் இருந்தது. எங்களில் ஒருத்தர் கல்லீரல் கெட்டுச் செத்தபோதுகூட 'மஞ்சள்காமாலை' என்றுதான் நோட்டீஸ் போர்டில் எழுதினார்கள். ஏழை குடித்தால் குணம், படித்தவன் குடித்தால் நோய்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த அம்மா வந்துபோன மறுநாள் நான் பழைய மேனேஜராக மாறினேன். அவரைக் கூப்பிட்டு, "இன்னையோட நிறுத்து. குடிச்சுட்டு வந்தா எந்தோப்புல வேலை கிடையாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் அழுதார். கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறேன், அதோடு விட்டுவிடுகிறேன் என்றார். போட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாலை போட்ட அன்றைக்கே கை நடுக்கம் ஆரம்பித்துவிட்டது. உடம்பெல்லாம் வியர்வை, சோறு இறங்கவில்லை. விரதத்துக்கு உடம்பு பழகவில்லை என்று நினைத்தார்கள். ரெண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. விடிந்ததும் ஆள் நினைவிலேயே இல்லை. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டித் தட்டி விடுகிறார். திடீரென்று எழுந்து, "மரம் சாயுது, புள்ளைகளத் தூக்கு, மரம் சாயுது" என்று வாசலுக்கு ஓடுகிறார். மாலையில் ஏதோ தீட்டுப் பட்டுவிட்டது, சாமி குத்தம் என்று ஒரு கூட்டம். வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வந்து அரை நாள் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்து 108-க்குச் சொன்னபோது மணி மூணு.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தினமும் குடிக்கிறவரத் திடீர்னு நிறுத்தச் சொன்னது யாரு?" என்றார்.

"நான்தாம்மா."

"உயிர் போயிருக்கும் சார்."

அன்றைக்கு அவர் சொன்னதை நம் ஆட்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் விவரமாகச் சொல்கிறேன். சாராயம் மூளையின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. வருஷக்கணக்கில் தினமும் குடிக்கும்போது, அந்தத் தடையை மீறி வேலை நடக்க வேண்டும் என்பதற்காக மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மேட்டில் பாரவண்டியை முழு மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கும் மாட்டுக்கு, சட்டென்று கயிறு அறுந்தால் என்ன ஆகும்? அப்படித்தான் தலை தெறிக்க ஓடுகிறது. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, பிறகு சிலருக்கு முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு, ரெண்டு மூணு நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது. இதில் செத்துப்போகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து, நாளுக்கு நாள் அந்த மருந்தைக் குறைத்து இறக்குகிறார்கள். கூடவே தையமின் ஊசி. கைக்குத்தல் அரிசியின் தவிட்டில் இருக்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதே பி1 வைட்டமின்தான். பல வருஷம் குடித்தவர்கள் உடம்பில் அது வற்றிப்போய், நினைவே பாதிக்கப்படுமாம்.

பல வருஷம் யூரியா தின்ற நிலத்துக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதல் போகத்திலேயே விளைச்சல் எங்கே என்று கேட்கக்கூடாது என்று நான் புதியவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். மனுஷ உடம்பு விஷயத்தில் அது தோன்றவில்லை. அதற்காக வீட்டிலேயே அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ, 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ கூப்பிட்டுக் கேட்கலாம். ரெண்டும் அரசு எண்கள், காசு கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுங்க, குடிய விட்டுடுவாரு' என்று விளம்பரம் பார்த்து மருந்து வாங்குகிற வீடுகள் நம் ஊர்களில் நிறைய. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. டாக்டர்கள் அதை, சாப்பிடுகிறவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுக்கிறார்கள். அது தெரியாமல் மேலே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சே நின்றுபோகலாம். அந்த டாக்டரம்மா கைகூப்பிக் கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்: கலந்து மட்டும் கொடுக்காதீர்கள்.

அவர் 12 நாள் வார்டில் இருந்தார். மனைவி வேலைக்குப் போகிற நேரத்தில் நான் துணைக்கு உட்கார்ந்தேன். ஐந்து வருஷம் தினமும் பார்த்த மனுஷன், அந்த 12 நாளில்தான் எனக்கு அறிமுகம் ஆனார்.

அவருக்கும் சொந்தமாக ஒரு தோப்பு இருந்தது. மரம் ஏறிச் சம்பாதித்த காசில் 85 சென்ட் வாங்கி, 60 பிள்ளை வைத்து, பத்து வருஷம் தண்ணீர் சுமந்து வளர்த்தது. ஊரான் மரம் ஏறுகிறவர், தானும் ஒரு தோப்புக்காரர் ஆனார். 2018 நவம்பர் 16, கஜா புயல். ஒரே ராத்திரியில் 56 மரம் வேரோடு போய்விட்டது. என் தோப்பிலும் முக்கால்வாசி போனது. எனக்குப் பென்ஷன் இருந்தது. அவருக்கு விழுந்தது சொந்தத் தோப்பு மட்டுமல்ல, ஏறிப் பிழைத்த ஊர் மரங்களும் சேர்த்துத்தான். மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் வந்தது. 56 மரத்துக்கு 61,600. கன்று வைத்தால் காய்க்க இன்னும் ஐந்தாறு வருஷம்.

"முன்னாடியும் குடிப்பேன் சார், இல்லங்கல. அம்பது மரம் ஏறி எறங்குனா நெஞ்சுக்கூடு, தொடை எல்லாம் தீயா எரியும். ஒரு கட்டிங் போட்டாத்தான் படுக்க முடியும். ஆனா பகல்ல தொட்டதில்ல. புயலுக்கப்புறம் கண்ண மூடுனா அந்தக் காத்துச் சத்தம். மரம் ஏறுறப்ப எனக்குப் பயம் கெடயாது. கீழ நின்னு, மரம் இருந்த எடத்துல வெறும் வானத்தப் பாக்கத்தான் பயமா இருந்துச்சு."

தூக்கத்துக்காகத்தான் அளவு கூடியது. சாராயம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் எழுப்பிவிடும். மூணு மணிக்கு முழிப்பு, நெஞ்சு படபடப்பு, கடன் ஞாபகம், செய்த சண்டையின் வெட்கம். அதை அடக்க விடியகாலையிலேயே ஒரு கட்டிங். கடை திறப்பது பகல் 12 மணிக்கு என்றாலும் அதற்கு முன்னால் கூடுதல் விலைக்கு எங்கே கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும். பயத்துக்குக் குடிக்கிறார், குடித்ததால் பயம் கூடுகிறது. வெட்கத்துக்குக் குடிக்கிறார், குடித்ததால் வெட்கப்படும்படி ஏதோ செய்கிறார். வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்கு எனக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான் ஏறியிருக்கிறது.

2020 ஊரடங்கில் கடைகளை 40 நாளுக்கு மேல் மூடினார்களே, அப்போது எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். ஒரு வாரம் நரகம் என்றார், அதற்குள் எங்கேயோ காய்ச்சியது கிடைத்துவிட்டதாம். அந்த ஏப்ரலில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர ஊரில் ஷேவிங் லோஷனைக் குடித்து மூணு பேர் இறந்தார்கள். பேப்பரில் படித்துவிட்டு 'இப்படியும் இருப்பானுங்களா' என்று நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன், பழைய வழக்கப்படி. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம். அப்படியானால் 77 மில்லி சுத்தச் சாராயம், எடையில் சுமார் 60 கிராம். அவர் நாளைக்கு ரெண்டு குவார்ட்டர். இன்றைய விலையில் ஒன்று 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 280. தண்ணீர், டம்ளர், தொட்டுக்கொள்ள ஏதாவது, கூட வந்தவனுக்குக் கொஞ்சம் என்று 70. ஆக 350. மாதம் 10,500. வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தால் அவர் கூலி 14,000. மிச்சத்தில் ரெண்டு பிள்ளைகள். துண்டு விழுவதை அந்த அம்மா மகளிர் குழுக் கடனில் அடைத்தார், அந்தத் தவணையை நகையை வைத்து அடைத்தார், நகையைத் திருப்ப இன்னொரு குழு. வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தபோது எதிரே வந்து நின்ற எத்தனையோ பெண்கள் இந்தச் சங்கிலியில்தான் வந்திருப்பார்கள். எடையும் மாற்றும் பார்த்தேன். ஏன் என்று கேட்டதில்லை.

காசைவிட என்னை உலுக்கியது அவர் பெண் சொன்னது. பத்தாவது படிக்கிறது. வார்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்த பிள்ளை, "அப்பா வண்டி தெருமுனையில திரும்புறப்பவே தெரிஞ்சுடும் தாத்தா" என்றது. "எவ்ளோ குடிச்சிருக்காருன்னு சத்தத்துலயே தெரியும். நேரா வந்தா புக்க மூட மாட்டேன். விட்டு விட்டு வந்தா தம்பிய எழுப்பிக்கிட்டு அத்த வீட்டுக்குப் போயிடுவோம்." ஏழு வருஷமோ எட்டு வருஷமோ அந்தப் பிள்ளை ஒரு காதைத் தெருவில் வைத்துக்கொண்டே பாடம் படித்திருக்கிறது. வீட்டில் எல்லாருடைய வேலையும் ஒன்றுதான்: அவர் மனநிலையைக் கணிப்பது. சோறு எப்போது போடுவது, கடன்காரன் வந்ததைச் சொல்லலாமா, டிவி சத்தத்தைக் குறைக்கலாமா, எல்லாம் அதைப் பொறுத்து. பாட்டிலைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாரே, அதுவும் அந்த வேலையில் சேர்த்திதான்.

நம் இதழ் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் குறிப்பாகச் சொல்ல வேண்டும். போதையில் எடுக்கிற முடிவுகளில் பல அரை மணி நேரம் தாண்டினால் மாறிவிடக்கூடியவை. அந்த அரை மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பூச்சிமருந்து டப்பா இருந்தால்தான் உயிர் போகிறது. இலங்கையில் 1995-இலும் 1998-இலும் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. இயற்கை விவசாயி வீட்டுத் தாழ்வாரத்தில் அந்த டப்பா இல்லை என்பதை நாம் ஒரு லாபமாகக் கணக்கில் எழுதுவதே இல்லை. நாம் வேலைக்கு வைத்திருப்பவர் வீட்டில், அவர் பக்கத்து நிலத்துக்காரருக்கு மருந்தடிக்கப் போய் மிச்சம் கொண்டு வந்தது இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

"அப்போ அரசாங்கம்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 1983-இல் மொத்த விற்பனைக்காக ஆரம்பித்த டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருமானம். 2015-இல் மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தில் ஏறி மதுக்கடைக்கு எதிராகப் போராடிய சசி பெருமாள் அந்தப் போராட்டத்தில் உயிரை விட்டார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாதிரி கொத்தாகச் செத்தால் செய்தி. தினம் ஒரு குவார்ட்டராகச் செத்தால் அது கலால் வருமானம். இதையெல்லாம் நம் இயக்க மேடைகளில் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 1987-இலிருந்து தடைப்பட்டிருக்கும் கள்ளை இறக்க உரிமை வேண்டும் என்ற கோரிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டவன். பனையும் தென்னையும் வைத்திருக்கிறவன் பாளையைத் தொட்டால் குற்றம் என்பது அநியாயம்தான். ஆனால் கள் வந்துவிட்டால் இது தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், அந்த வார்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்பேன். மூணு மணிக்கு முழிப்பு வருகிறவனுக்கு எது கிடைத்தாலும் ஒன்றுதான்.

கடையை மூட என்னால் முடியாது. என் நோட்டில் இருக்கிற 'இதர' பத்தியை மூட முடியும். 2023 தையிலிருந்து பாட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் கூலியில் 100 ரூபாய் கூட்டினேன். மூணு மணிக்குக் கேப்பைக்கூழோ சுண்டலோ, கருப்பட்டிக் காபியோடு. கூலியை, ஒத்துக்கொள்கிறவர்களுக்கு, வீட்டுப் பெண்கள் கணக்கில் வாரம் ஒரு முறை போடுகிறேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். முதல் ரெண்டு மாதம் ஒரு ஆம்பளை ஆள் வரவில்லை. அந்த வருஷம் வாய்க்கால் வெட்டத் தாமதம், உளுந்து விதைப்பு தள்ளிப்போய் பாதி முளைப்புக்கூட இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர் கோபித்துக்கொண்டார்: "அண்ணே, நீங்க கூலிய ஏத்திவிட்டுட்டு நல்ல பேரு வாங்கிக்கிறீங்க, நாங்க எங்க போறது?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்குப் பென்ஷன் இல்லை. நாலு பேரில் ரெண்டு பேர் இன்றுவரை என்னிடம் வரவில்லை. வருகிறவர்களில் ஒருத்தர் அந்த 100 ரூபாயையும் சேர்த்துத்தான் குடிக்கிறார், எனக்குத் தெரியும். அவர் குடிப்பதை நான் நிறுத்தவில்லை. என் கையால் ஊற்றுவதைத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

நம்மவரும் நேராக ஏறிவிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து மாதம் நன்றாக இருந்தார். மச்சான் சாவு வந்தது. துக்க வீட்டில் வெட்டியான் முதல் பந்தல்காரர் வரை பாட்டிலோடுதான் நிற்பார்கள், உங்களுக்குத் தெரியாததா. "ஒரு வாய் போடு, மனசு ஆறும்" என்று சொந்தக்காரர்களே கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பழைய நிலை. நான் மறுபடி கத்தியிருப்பேன். அவர் மனைவிதான் தடுத்தார்: "திட்டாதீங்க சார், அந்த டாக்டரம்மாகிட்டயே போயிடலாம்." போனோம். சர்க்கரை வியாதி மாதிரி இது திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய நோய், வந்ததே நல்லது என்று அந்தம்மா சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திட்டு வாங்கத் தயாராக வந்த மனுஷன். குடும்பத்தையும் கூட வைத்துக்கொண்டு பேசினார்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி மாதிரி கிராமங்களிலேயே முகாம் போட்டு, வீட்டாரையும் சேர்த்து வைத்துச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள் சென்னை டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையத்துக்காரர்கள். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் ஆரம்பித்தது அது. நம் வட்டாரக் கூட்டங்களுக்கு உர ஆலோசகரை அழைக்கிறோம், விதைக்காரரை அழைக்கிறோம். ஒரு மனநல டாக்டரை அழைக்கலாம் என்று எங்கள் ஒன்றியக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ரெண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தர் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து தேதி கேட்டார்.

இப்போது பக்கத்து டவுனில் குடியை விட்டவர்கள் வாரம் ஒரு முறை கூடிப் பேசுகிற கூட்டத்துக்குப் போகிறார். அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லையாம், அதுதான் பிடித்திருக்கிறது என்றார். ராத்திரி மூணு மணி முழிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்த நேரத்தில் எழுந்து தோப்புக்குப் போய்விடுகிறார். புயலுக்கு மறுவருஷம் அவர் தோப்பில் வைத்து, பாதி தண்ணீர் இல்லாமல் கருகி, மிச்சம் நின்ற 31 கன்றுகள் போன வருஷம் பாளை விட்டன. இந்த வைகாசியில் தன் தோப்பில் முதல் பறிப்பு. மரம் இன்னும் ஏறுகிற உயரம் வரவில்லை, தரையில் நின்றே அரிவாளால் வெட்டினார். 140 காய்.

போன செவ்வாய்க்கிழமை வந்து, பெண்ணின் காலேஜ் கட்டணத்துக்கு 5,000 முன்பணம் கேட்டார். மனைவி கணக்கில் போட்டுவிடுகிறேன் என்றேன். "ஏன் சார், எங்கையில குடுத்தா என்ன?" என்றார். குடித்து 14 மாதம் ஆகிறது, கேட்பது நியாயம்தான். எனக்குப் பதில் வரவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல வந்து மூடாக்கு மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பணத்தைக் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கோடி மரத்துல வண்டு இருக்கு சார், கம்பி எடுத்துட்டு வாங்க" என்றார்.